கரப்பானுக்குச் சின்ன டியூபா, பெரிய போத்தலா?

கரப்பான் பற்றிய கடிதங்கள் கொஞ்சம் சேர்ந்துவிட்டன. (டொக்டர்மார் 'எக்ஸிமா' என்று எழுதும் தோல் நோய்தான் இது. பூச்சியைப் பற்றியவை வேறு கட்டில் இருக்கின்றன.) இந்த முறை இதற்கே இடம்.

கேள்வி: மகளுக்கு ஐந்து வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்பக்கமும் கரப்பான். இரவில் கடி தாங்காமல் சொறிந்து இரத்தமே வருகிறது. டொக்டர் மொய்ஸ்சரைசர் நிறையப் பூசச் சொன்னார். பார்மசியில் தந்த வெளிநாட்டுக் கிரீம் 50 கிராம், விலை 2,400 ரூபாய். நான்கு நாளில் முடிந்துவிடுகிறது. விலை குறைந்ததை வாங்கினால் பிழையா? — வெள்ளவத்தை வாசகி

பதில்: பிழையே இல்லை. உங்கள் டொக்டர் சொன்ன 'நிறைய' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரித்தானியாவில் டொக்டர்மார் பின்பற்றும் நைஸ் வழிகாட்டி, கரப்பான் உள்ள பிள்ளைக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை என்கிறது. புண் உள்ள இடத்துக்கு மட்டுமில்லை, உடம்பு முழுக்க, தோல் நன்றாக இருக்கிற நாளிலும் பூச வேண்டும் என்பதால்தான் இவ்வளவு. குறைந்த அளவையே எடுத்தாலும் உங்கள் டியூப் வாரத்துக்கு ஐந்து வேண்டும், 12,000 ரூபாய். அந்த விலையில் வாங்கினால் யாருக்கும் கை சுருங்கும். மெல்லிசாக, சிவந்த இடத்தில் மட்டும் தடவுவோம். கடி நிற்காது. உடனே "இந்தக் கிரீம் சரியில்லை" என்று அடுத்த டியூப். என் வீட்டு லாச்சியில் அப்படிப் பாதி பிதுக்கிய டியூப்கள் ஒன்பது கிடந்தன. எனக்கும் கரப்பான்தான், கழுத்தில்.

இந்தத் தோல் ஓடு விலகிய கூரை மாதிரி. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும். வெளியே இருக்கும் வியர்வை, சவர்க்காரம், தூசி எல்லாம் உள்ளே இறங்கும். பூசுகிற கொழுப்பு அந்த இடைவெளியை மூடுகிறது. அதற்கு வாசனையும் வேண்டாம், பிரான்ஸ் நாட்டு ஊற்று நீரும் வேண்டாம். வெள்ளை பெற்றோலியம் ஜெல்லி இந்த வேலையை மிக நன்றாகச் செய்யும், விலையும் குறைவு. ஆனால் கொழும்புப் புழுக்கத்தில் காலையில் அதைப் பூசி யூனிபோர்ம் போட்டு அனுப்பினால் பிள்ளை பிசுபிசுத்து அழும், வியர்க்குருவும் சேரும். காலையில் தண்ணீர் கலந்த கிரீம், இரவில் ஜெல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெல்லி ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். சாமி விளக்குக்கும் காஸ் அடுப்புக்கும் கிட்டப் பிள்ளையை விடாதீர்கள்.

கடையில் நிற்கும்போது கைத்தொலைபேசியில் விலையைக் கிராமால் வகுத்துப் பாருங்கள். உங்கள் டியூப் கிராமுக்கு 48 ரூபாய். பெரிய போத்தலில் இது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் உங்களுக்கே கோபம் வரும். பம்ப் வைத்த போத்தல் கிடைத்தால் நல்லது. டப்பா என்றால் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். அப்புறம் பின்பக்கத்துப் பொடி எழுத்து. 'பர்ஃபியூம்' அல்லது 'ஃபிரேக்ரன்ஸ்' என்று இருந்தால் திருப்பி வையுங்கள். முன்பக்கத்தில் 'அன்சென்டட்' என்று இருப்பது போதாது. வாசனையை மறைக்கவே இன்னொரு வாசனை சேர்ப்பார்கள். 'ஃபிரேக்ரன்ஸ் ஃப்ரீ' என்பதுதான் வேண்டும். 'ஏக்வஸ் கிரீம்' மலிவு என்று எடுத்துத் தருவார்கள். அதில் சோடியம் லோரில் சல்பேட் என்ற நுரைப்பொருள் இருந்தால் எரியும். 2013இல் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே இதைப் பற்றி எச்சரித்தது.

பூசுவது இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பாட்டி, துவாயால் ஒற்றி எடுத்த கையோடு. தேய்க்க வேண்டாம், மயிர் போகிற பக்கமாகத் தடவிவிட்டால் போதும்.

கேள்வி: ஃபேஸ்புக்கில் பார்த்து "நூறு வீதம் மூலிகை" என்ற சின்ன டப்பா வாங்கினேன். மூன்றே நாளில் கரப்பான் மாயமாகிவிட்டது. இரண்டு மாதம் பூசிவிட்டு நிறுத்தினேன். இப்போது முகமெல்லாம் சிவந்து, முன்பைவிட மோசம். விற்றவர் என்னை புளொக் செய்துவிட்டார். — கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: அந்த மூன்று நாள்தான் எனக்குச் சந்தேகம் தருகிறது. வருடக்கணக்கான கரப்பானை அவ்வளவு வேகத்தில் அடக்குவது பெரும்பாலும் ஸ்டீரொய்டு, அதாவது சிவப்பையும் கடியையும் அடக்கும் மருந்து. 2003இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், கரப்பானுக்கு மக்கள் வாங்கிப் பூசிய 24 மூலிகைக் கிரீம்களைச் சோதித்தார்கள். இருபதில் ஸ்டீரொய்டு இருந்தது, சிலவற்றில் மிகக் கடுமையான குளோபெட்டசோலே இருந்தது. உங்கள் டப்பாவில் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல முடியாது. டப்பாவை எறியாமல் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் டொக்டரிடம் போங்கள். அதை மறுபடி பூச வேண்டாம், இன்னொன்று வாங்கவும் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு டொக்டர் எழுதிய ஸ்டீரொய்டையும் யாரும் குப்பையில் போடாதீர்கள். அதுவும் அதே அளவு பிழை. 1 வீத ஹைட்ரோகோர்ட்டிசோன் மென்மையானது, பெட்டாமெத்தசோன் கடுமையானது, குளோபெட்டசோல் அதற்கும் மேலே. எதை, எங்கே, எத்தனை நாள் என்று தெரிந்து பூசினால் நல்ல மருந்து. சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம்; விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். டொக்டரின் துண்டு இல்லாமல், "கடிக்கு ஏதாவது தாங்கோ" என்று கேட்டு, ஸ்டீரொய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த கிரீமை மாதக்கணக்கில் முகத்தில் பூசுவதுதான் ஆபத்து. தோல் மெலிந்துவிடும்.

காசு விஷயம்: நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற எண்ணில் சொல்லலாம். ஆனால் எழுத்திலும் கொடுங்கள், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் தாண்டவிடாதீர்கள். விளம்பரம், உரையாடல், வங்கிக்குக் காசு போட்ட சிட்டை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். மருந்து கலந்திருக்கலாம் என்பதால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைக்கும் எழுதுங்கள். உற்பத்தியாளரோ, இறக்குமதியாளரோ, முகவரியோ, காலாவதித் திகதியோ இல்லாத டப்பா என்றால் அதையும் முறைப்பாட்டில் குறிப்பிடுங்கள். காசு திரும்புமா என்று கேட்டால், ஆளின் முகவரி தெரியாதவரை கஷ்டம்தான்.

கேள்வி: மாமி கத்தரிக்காய், கருவாடு, நண்டு, இறால் எல்லாம் கரப்பான் பண்டம் என்று மகனுக்கு நிறுத்திவிட்டார். ஒரு ஆய்வுகூடம் அலர்ஜி டெஸ்ட் பக்கேஜ் ஒன்றுக்குப் பெருந்தொகை கேட்கிறது. செய்யலாமா? — தெஹிவளை வாசகி

பதில்: காசை வைத்திருங்கள். இரத்தத்தில் ஐஜிஜி (IgG) என்று பார்க்கிற உணவுப் பட்டியல் டெஸ்ட் அலர்ஜியைக் காட்டாது. ஐஜிஈ (IgE) டெஸ்ட் உண்மையானது, ஆனால் கரப்பான் உள்ள பிள்ளைக்கு அதில் பல உணவு 'பொசிட்டிவ்' வரும். அவற்றில் பலவற்றைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு உணவு சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே தடிப்பு, வாந்தி, இழுப்பு வருகிறதென்றால் டொக்டரிடம் சொல்லி அந்த ஒன்றைப் பாருங்கள். மாமியோடு சண்டை வேண்டாம். கத்தரிக்காய் இல்லாமல் பிள்ளை வளரும். மீன், முட்டை, பால் என்று பட்டியல் நீண்டால்தான் நீங்கள் குறுக்கே நிற்க வேண்டும்.

கேள்வி: வேப்பஞ் சவர்க்காரமா, பேபி சோப்பா? தேங்காய் எண்ணெய் பூசலாமா? — பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: இரண்டு சவர்க்காரமும் காரத்தன்மை உள்ளவைதான், தோலை உலர்த்தும். 'சின்டெட்' வகைக் கட்டியை (பார்க்கச் சவர்க்காரம் மாதிரி, ஆனால் அந்தக் காரம் இல்லாதது) எடுங்கள், அல்லது வெறும் தண்ணீர். கிருமிநாசினித் திரவத்தைக் குளிக்கிற வாளியில் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். சுத்தமான தேங்காய் எண்ணெய் நல்லது. 2014இல் பிலிப்பைன்ஸில் பிள்ளைகளிடம் பார்த்தபோது கனிம எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது. ஒலிவ் எண்ணெய் வேண்டாம், தோலின் தடுப்பைக் கெடுக்கும்.

கேள்வி: தனியார் சனலிங்குக்கு வசதி இல்லை. எங்கே போவது? — மட்டக்குளி வாசகி

பதில்: பெரியவர்களுக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலை, பிள்ளைகளுக்குப் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. இரண்டிலும் தோல் கிளினிக் உண்டு, காசு இல்லை, காத்திருப்பு உண்டு. கரப்பான் மேலே திடீரென்று ஒரே அளவான சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்து காய்ச்சலும் இருந்தால் கிளினிக் நாளைப் பார்க்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்ற நாளில் போகும்போது வீட்டில் பூசுகிற எல்லாவற்றையும், எண்ணெய்ப் போத்தல் முதல் ஃபேஸ்புக் டப்பா வரை, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். "என்ன பூசினீங்கள்?" என்று டொக்டர் கேட்டதும் "வெள்ளைக் கிரீம் ஒன்று" என்று சொன்னால் அவர் பாவம், என்ன செய்வார்?