முள் ஏறுகிறது, டப்பாவில் கூலன்ட் குறையவில்லை

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு வயது பன்னிரண்டு. போன மாதம் வாட்டர் பம்ப் மாற்றினேன். அதிலிருந்து மேடு ஏறினால் டெம்பரேச்சர் முள் விறுவிறுவென்று மேலே போகிறது. சமதரைக்கு வந்ததும் இறங்குகிறது. கொல்லிமலையில் 70 வளைவில் இருபதைக்கூடத் தாண்டவில்லை, திரும்பிவிட்டோம். டேஷ்போர்டுக்குள் 'களக் களக்' என்று சத்தம். ரேடியேட்டரோடு இணைந்த டப்பாவில், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் சரியாக இருக்கிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: அவசரப்பட்டு ரேடியேட்டரை மாற்றாதீர்கள். உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்றுதான் அந்தக் 'களக் களக்' சொல்கிறது. பம்ப் மாற்றும்போது கூலன்ட்டை இறக்கியிருப்பார்கள். திரும்ப ஊற்றும்போது தெர்மோஸ்டாட், அதாவது சூடேறினால் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு, மூடியிருக்கும். அது திறக்க 80 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். அதற்குள் ரேடியேட்டர் வாய்வரை நிறைந்துவிடும், ஆனால் என்ஜினுக்குள் காற்று அப்படியே நிற்கும். காற்று நிற்கும் இடத்தில் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு போக ஆள் இல்லை. அலுமினிய ஹெட் வளைந்துபோவது இப்படித்தான்.

டப்பாவை நம்பாதீர்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் போயிருந்தால் டப்பாவில் இருப்பது உள்ளே போகவே போகாது. காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்து பாருங்கள். சூட்டில் திறந்த ஒரு பையனின் முழங்கையை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

காற்றை எடுக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காரின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள். காற்று மேலேதான் ஏறும், ஆகவே ரேடியேட்டர் வாய் உயரத்தில் இருக்க வேண்டும். அப்புறம் ஹீட்டர் திருகை முழுச் சிவப்புக்குத் திருப்புங்கள். நம் ஊரில் யாரும் அதைத் தொடுவதே இல்லை. பல கார்களில் அதைத் திறக்காவிட்டால் ஹீட்டருக்குள் இருக்கும் காற்று வெளியே வராது. ஏர் எடுக்கும் திருகு உங்கள் காரில் இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை மெதுவாக ஊற்றி இறுக்குங்கள்.

மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை, அந்த ரப்பர் குழாயை, துணி சுற்றிய கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். ஃபேன் சட்டென்று சுற்றும், விரல் பத்திரம். முதலில் ஹோஸ் காலிப் பை மாதிரி அமுங்கும். தெர்மோஸ்டாட் திறந்ததும் அது சூடாகும், வாயில் பெரிய குமிழிகள் 'குபுக்' என்று வெடிக்கும், மட்டம் சரேலென்று இறங்கும். அந்த நேரத்தில் பொறுமையாக ஊற்றிக்கொண்டே இருங்கள். வெறும் தண்ணீர் வேண்டாம், கலந்த கூலன்ட்டையே ஊற்றுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நின்று, குமிழி அடங்கி, ஹீட்டரில் சுடுகாற்று வந்தால் மூடிவிடலாம். மறுநாள் காலை ஆறியபின் மறுபடி மட்டம் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஃபேன் இரண்டு முறை ஓடிய பிறகும் குமிழி ஓயாமல் வந்தால் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். சைலன்சரில் வெள்ளைப் புகை, ஆயிலில் பால் நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் வண்டியை ஓட்டாமல், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.