ஏழை அரங்கும் வாடகை லைட்டும்

கேள்வி: எட்டுப் பேர் கொண்ட எங்கள் நாடகக் குழு ஆறு வருடமாக ஓடுகிறது. வாடகைக்கு லைட் எடுக்கக்கூடக் கையில் காசில்லை. முப்பது பேர் பார்க்க வந்தால் அதிகம். நொந்துபோய்ப் பேசினால், மூத்த நாடகக்காரர் ஒருவர், "போலந்தில் க்ரோட்டோவ்ஸ்கி லைட்டும் செட்டும் இல்லாமல்தானே சாதித்தார், அதுதான் ஏழை அரங்கு" என்று வாயை அடைத்துவிடுகிறார். யார் இவர்? கையில் காசில்லாமல் இருப்பதுதான் ஏழை அரங்கா? குழுவைத் தொடர்வதா, கலைத்துவிடுவதா?
– பெயர் வேண்டாம், ஆரணி

பதில்: அந்தப் பெரியவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை அவர் விட்டுவிட்டார், உங்களுக்குத் தேவையானது அதுதான்.

யெர்ஜி க்ரோட்டோவ்ஸ்கி 1933இல் போலந்தில் பிறந்தவர். கிராக்கோவிலும் மாஸ்கோவிலும் நாடகம் படித்தார். 1959இல், இருபத்தாறு வயதில், ஓபோலே என்ற சிறு நகரத்தில் ஒரு குட்டி அரங்கு அவர் கைக்கு வந்தது. கூட்டாளி லுட்விக் ஃப்ளாஷென் என்ற விமர்சகர். அரங்கின் பெயரே ‘13 வரிசை அரங்கு’. வேடிக்கை என்னவென்றால், அந்த வரிசைகளைத்தான் அவர் முதலில் கலைத்தார். ஒரு நாடகத்தில் பார்வையாளர்களை மனநல மருத்துவமனைக் கட்டில்களில் உட்காரவைத்தார். இன்னொன்றில், சாத்தானிடம் ஆன்மாவை விற்ற டாக்டர் ஃபாஸ்டஸ் தரும் கடைசி விருந்துக்கு வந்தவர்களாக நீண்ட மேசைகளில் உட்காரவைத்தார்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனார். மேக்கப் போனது, பதிவு செய்த இசை போனது, லைட் ஜாலங்கள் போயின. சினிமாவிடமும் தொலைக்காட்சியிடமும் போட்டிபோட்டு நாடகம் ஜெயிக்க முடியாது, எல்லாவற்றையும் எடுத்த பிறகும் மிஞ்சுவது நடிகனும் பார்வையாளனும்தான் என்பது அவர் வாதம். ஏழை அரங்கு என்பது இதுதான். 1962இல் வந்த ‘அக்ரோபொலிஸ்’ நாடகத்தைப் பாருங்கள். விஸ்பியான்ஸ்கி எழுதிய மூலத்தில் கதை நடப்பது கிராக்கோவின் பழைய தேவாலயத்தில். க்ரோட்டோவ்ஸ்கி அதை அப்படியே தூக்கி நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வைத்தார். அவரோடு அதை உருவாக்கிய யோசெஃப் ஷாய்னா அந்த முகாமில் கைதியாக இருந்து உயிரோடு திரும்பியவர். நடிகர்கள் போட்டிருந்தது ஓட்டை விழுந்த சாக்கு உடையும் மரச் செருப்பும். முகமூடி கிடையாது, முகத் தசைகளையே இறுக்கி முகமூடியாக்கிக்கொண்டார்கள். நாடகம் முழுக்க அடுப்புக் குழாய்களைப் பார்வையாளர் தலைக்கு மேலேயும் சுற்றிலும் மாட்டிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒவ்வொருவராக ஒரு பெட்டிக்குள் இறங்கி மறைந்தார்கள்.

இதற்கெல்லாம் செலவு எவ்வளவு? சாக்குக்கும் குழாய்க்கும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஓபோலே அரங்கு அரசு மானியத்தில் நடந்தது. குறைவோ நிறைவோ, நடிகர்களுக்கு மாதச் சம்பளம் இருந்தது. பகலில் கடையில் நின்றுவிட்டு இரவு ஒன்பது மணிக்கு ஒத்திகைக்கு வரவேண்டிய நிலைமை அவர்களுக்கு இல்லை. தணிக்கை இருந்தது, மானியத்துக்கே ஆபத்தும் வந்தது, 1965இல் குழுவோடு வ்ரோத்ஸ்வாஃப் நகரத்துக்கு இடம்பெயர நேர்ந்தது. ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர் ஏழையே இல்லை: நேரம்.

அதை அவர் எப்படிச் செலவழித்தார் என்பதற்கு அதே 1965இல் வந்த ‘நிலைகுலையா இளவரசன்’ சாட்சி. சித்திரவதைப்பட்டுச் சாகும் இளவரசனாக ரிஷார்ட் சியெஷ்லாக் நடித்தார். பார்வையாளர்கள் ஒரு மரத்தடுப்புக்கு மேலிருந்து, அறுவைச் சிகிச்சையை எட்டிப்பார்ப்பதுபோல், குனிந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் கண்டது ஒரு தியாகியின் வேதனையை. ஆனால் மாதக்கணக்கில் க்ரோட்டோவ்ஸ்கியும் அவரும் தனியாக உட்கார்ந்து செய்த ஒத்திகையில் வேதனை என்ற பேச்சே கிடையாது. சியெஷ்லாக்கின் வளரிளம் பருவத்துக் காதல், அதில் ஒரு சின்னப் பொழுது, அந்தப் பொழுதின் அசைவுகள், மூச்சு. அவ்வளவுதான். 1990இல் சியெஷ்லாக் இறந்த பிறகுதான் க்ரோட்டோவ்ஸ்கி இதை விரிவாக வெளியே சொன்னார். ஒரே ஒரு நடிகனோடு, ஒரே ஒரு நினைவுக்காக, மாதக்கணக்கில்! எனக்கு இதுதான் அவருடைய பெரிய ஆடம்பரமாகத் தெரிகிறது.

1969இல், முப்பத்தைந்து வயதில், தன் கடைசி நாடகத்தைப் போட்டார். அதன்பின் பார்வையாளரே இல்லாத ஆய்வுகள். போலந்தில் ராணுவச் சட்டம் வந்ததும் 1982இல் நாட்டைவிட்டு வெளியேறினார், கொஞ்சகாலம் அமெரிக்கா, 1986 முதல் இத்தாலியின் பொந்தெதேரா. 1999இல் அங்கேயே இறந்தார்.

ஆரணிக்காரரான உங்களுக்கு இதையும் சொல்லவேண்டும். போர்க்காலத்தில் ஒரு போலந்துக் கிராமத்தில் வளர்ந்த அந்தப் பையனுக்கு, அம்மா தேடிக் கொண்டுவந்து தந்த புத்தகங்களில் ஒன்று பால் பிரண்டன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் எழுதியது. ரமண மகரிஷியை அவன் அதில்தான் படித்தான். கடைசிவரை அது அவரை விடவில்லை. அவர் விருப்பப்படி அவருடைய சாம்பல் திருவண்ணாமலையில், அருணாசல மலையில்தான் தூவப்பட்டது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். குழுவைக் கலைக்காதீர்கள். முப்பது பேர் என்று வருத்தப்படாதீர்கள், ஓபோலேயில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்கு முன்னால் நடந்த இரவுகளும் உண்டு. ஆனால் லைட் இல்லாததைக் கொள்கை என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். இருப்பதை வேண்டாம் என்று ஒதுக்குவது வேறு, இல்லாமல் தவிப்பது வேறு. வருடத்துக்கு மூன்று நாடகம் போடுகிறீர்கள் என்றால் ஒன்றாகக் குறையுங்கள். மிச்சமாகும் பணத்தில் லைட் எடுக்காதீர்கள். எட்டுப் பேரில் இரண்டு பேரையாவது ஒரு மாதம் வேலைக்குப் போகாமல் ஒத்திகையில் வைத்திருக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் பதினைந்து நாள்.

அப்புறம், அந்தப் பெரியவரை அடுத்த தடவை பார்க்கும்போது, க்ரோட்டோவ்ஸ்கியின் நடிகர்களுக்கு மாதச் சம்பளம் வந்தது என்பதை மரியாதையாகவே அவர் காதில் போட்டுவையுங்கள்.