மூன்று ஆண்டாகியும் பூக்காத தொட்டி அன்னாசிக்கு

பழத்தின் தலையிலுள்ள இலைக் கொண்டையை நட்டு, பால்கனித் தொட்டியில் வளர்த்த அன்னாசி மூன்று ஆண்டாகியும் பூக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பழுத்த பழங்கள் வெளிவிடும் எத்திலீன் வாயு பட்டால் அது பூக்கும். நன்கு பழுத்த இரண்டு வாழைப்பழங்களைக் குருத்தருகே வைத்து, செடியைப் பெரிய பாலிதீன் பையால் மூடி ஒரு வாரம் நிழலில் விடுங்கள். வெயிலில் மூடினால் செடி வெந்துவிடும்.

அதற்கு முன் இலைகளை எண்ணுங்கள். முப்பதுக்குக் குறைவென்றால் பொறுங்கள். சின்னச் செடியை அவசரப்படுத்தினால் காயும் சின்னதாகத்தான் வரும். கொண்டையிலிருந்து வளர்த்தது என்கிறீர்கள், அது எப்போதுமே தாமதம். பால்கனி நிழலும் காரணமாக இருக்கலாம்.

பெருந்தோட்டங்களில் எத்திலீனை வெளியிடும் எத்திஃபான் மருந்தைத் தெளிப்பதும் இதே வித்தைதான். புகையிலும் எத்திலீன் உண்டு, போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடிக் குடில்களுக்குள் புகை போட்டே பூக்கவைத்தார்கள்!

மொட்டு தெரிய இரண்டு மாதம் ஆகலாம். பழுக்க மேலும் ஐந்தாறு மாதங்கள். தாய்ச்செடி ஒருமுறைதான் காய்க்கும், அடுத்த காய் பக்கக் கன்றுகளில்தான், அவற்றை வெட்டி எறிந்துவிடாதீர்கள்.