பொருளாதாரம் படிக்கும் பெண்ணுக்குச் சமூகவியல் எதற்கு?

ஐயா, வணக்கம். மகள் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு, விருப்பப் பாடமாகச் சமூகவியலை எடுத்துவிட்டாள், கம்ப்யூட்டர் மாதிரி ஏதாவது எடுக்காமல் இதைப் போய் எடுத்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் நீங்கள் பேராவூரணிப் பக்கத்துக்காரர் என்பதால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

உங்கள் ஊர் மொய் விருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விருந்து வைத்து ஊராரிடம் மொய் வாங்குவது, அவர்கள் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்வது. பொருளாதாரக் கணக்குப்படி அது வட்டியில்லாக் கடன். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வரும்போது பணத்தின் மதிப்பும் குறைந்திருக்கும். அப்படிப் பார்த்தால் வாங்கிக்கொண்டு திருப்பாமல் இருப்பவன்தான் கெட்டிக்காரன். ஊரில் அப்படியா நடக்கிறது? வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டியே செய்கிறார்கள். செய்யாதவன் பெயர் மொய் நோட்டில் நிற்கும். நாளைக்கு அவன் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் காதிலும் விழும். அந்தப் பணத்தை வசூலிப்பது சட்டமல்ல, ஊர் வாய். அது எப்படி வேலை செய்கிறது என்று படிப்பதுதான் சமூகவியல். கொடுத்ததை வாங்கத்தான் வேண்டும், வாங்கியதைத் திருப்பத்தான் வேண்டும் என்ற இந்தக் கட்டாயத்தைப் பற்றி மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925-லேயே விரிவாக எழுதினார். அவர் உதாரணத்தைப் பசிபிக் தீவுகள் பற்றிய நூல்களில் தேட வேண்டியிருந்தது. உங்கள் மகளுக்கு வீட்டுப் பரணில் கிடக்கும் மொய் நோட்டே போதும்.

பொருளாதாரமும் சமூகவியலும் வேறு வேறு உலகம் என்றும் நினைக்க வேண்டாம். சமூகவியலின் முன்னோடியாகச் சொல்லப்படும் மாக்ஸ் வேபர், 1894-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது பொருளாதாரப் பேராசிரியராகத்தான். டில்லியில் எம்.என். சீனிவாஸ் 1959-ல் தொடங்கிய சமூகவியல் துறை இருப்பதும் டில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில்தான்.

நம் சென்னைக் கதை டில்லியைவிடப் பழையது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறையில் சொந்த ஊருக்குப் போய் எழுதி வரச் சொன்னார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாரிடம் வாங்குகிறார்கள் என்றெல்லாம் எழுதிக்கொண்டு வந்தார்கள். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி போன்ற ஊர்கள் அப்படித்தான் ஆய்வு உலகில் பெயர் பெற்றன. அடுத்து 1930-களில் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள், பிறகும் போனார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் பொருளாதார மாணவன் செய்த வேலை இது. கூலியைக் கேட்கப் போனவனால் சாதியைக் கேட்காமல் திரும்ப முடியவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலை செய்பவர்களும் தேடுபவர்களும் 2017-18-ல் 23.3 சதவீதம். 2023-24-ல் 41.7. பொருளாதார மாணவி இந்த ஏற்றத்துக்கு வரைபடம் போட்டுவிடுவாள். ஆனால் மாட்டுக்குத் தீனி வைத்து, பால் கறந்து, கடையையும் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்றால், “சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்” என்பார். கேள்வியை மாற்றிக் கேட்டால் எண்ணும் மாறும். இது தெரிந்து கேள்வித்தாள் தயாரிக்கிறவர்களைத்தான் ஆய்வு நிறுவனங்களும், சுயஉதவிக் குழுக்களுக்குக் கடன் கொடுப்பவர்களும், சந்தை ஆய்வு நிறுவனங்களும் தேடுகிறார்கள். சிவில் சர்வீஸ் மெயின் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், சமூகவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். இரண்டு தாள், 500 மதிப்பெண்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சமூகவியல் பிடித்துப்போய் புள்ளியியலையும், பொருளாதாரத் தகவல்களைப் புள்ளியியலால் அலசும் எகனாமெட்ரிக்ஸையும் கைவிட்டாள் என்றால் நானே திட்டுவேன். வெறும் சமூகவியலை வைத்து முதல் வேலை வாங்குவது கஷ்டம். கணக்கும் தெரிந்து களத்துக்கும் போகத் தெரிந்தவருக்குத்தான் மவுசு. அப்புறம், மத்திய அரசில் பொருளாதார அதிகாரியாகச் சேர்வதற்கான இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத முதுகலை பொருளாதாரத்தில் இருக்க வேண்டும். அந்த ஆசை இருந்தால் எம்.ஏ.வில் துறை மாறக் கூடாது. இல்லையென்றால் சமூகவியலில் எம்.ஏ. சேரத் தடையில்லை, பொருளாதாரப் பட்டத்தோடு அங்கே போகிறவர்கள் இருக்கிறார்கள்.

“நமக்குத்தான் பெரிய ஆள் யாரையும் தெரியாதே” என்றும் எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் வெளியிட்ட கட்டுரைக்காக, தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று விசாரித்தார். எப்போதாவது பார்ப்போம், அபூர்வமாகப் பார்ப்போம் என்றவர்கள் 80 சதவீதத்துக்கும் மேல். சித்தப்பா, மாமாவுக்குத் தெரிந்த வேலை நமக்கும் தெரிந்துதான் இருக்கும், புதுச் செய்தி தூரத்துப் பழக்கத்திலிருந்துதான் வரும் என்பது அவர் விளக்கம். அதனால் கல்லூரியில் கருத்தரங்கு, களப்பயணம் என்று கூப்பிட்டால் அனுப்பி வையுங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

பாடத்தை வரையறை வரையறையாக மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். இந்த விடுமுறைக்கே ஒரு சின்ன ஆய்வு செய்யலாம். உங்கள் வீட்டில் பழைய மொய் நோட்டு இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். யார் யார், எந்த ஊர், என்ன உறவு, எவ்வளவு, எத்தனை வருடத்தில் திரும்பியது என்று அவள் எக்செலில் ஏற்றட்டும். திரும்பாத தொகைகளுக்குப் பின்னால் இருக்கும் கதையை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். பெயர்களை மட்டும் எண்களாக மாற்றிவிடச் சொல்லுங்கள், ஊரில் வம்பு வேண்டாம்.