கறுப்பு பெல்ட்டும் விடுபடாத மணிக்கட்டும்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடமாகக் கராத்தே கற்கிறான். எந்த கிரேடிங்கிலும் (பெல்ட் உயர்வுக்கான தேர்வு) தோற்றதில்லை. இப்போது பிரவுன் பெல்ட். போன வாரம் வீட்டுக்கு வந்த என் தங்கை மகள், இவனைவிட ஒரு வயது சின்னவள், விளையாட்டாக இவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு முயன்றும் இவனால் விடுவித்துக்கொள்ள முடியவில்லை. அழுதுவிட்டான். மாஸ்டரிடம் கேட்டேன். "நாங்கள் சொல்லித்தருவது உயிரையே எடுக்கக்கூடிய அடிகள். அதைச் சின்னப் பிள்ளையிடம் காட்டக் கூடாது என்று உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் பெருமைப்பட வேண்டும்" என்றார். கூடவே, அடுத்த மாதம் பிளாக் பெல்ட் கிரேடிங், பணத்தை இப்போதே கட்டிவிடுங்கள் என்றும் சொன்னார். நான் ஏமாற்றப்படுகிறேனா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் மாஸ்டரின் பதிலை இரண்டு முறை படித்தேன். அழுதுகொண்டு நின்ற பிள்ளையை ஒரே மூச்சில் கருணை வள்ளல் ஆக்கிவிட்டார். இவ்வளவு சாமர்த்தியம் பயிற்சியிலும் இருந்திருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மணிக்கட்டை விடுவிப்பது ஒன்றும் மரண வித்தை இல்லை. பிடித்திருப்பவரின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கிற இடம்தான் பிடியில் பலவீனமான இடம். பின்னால் இழுக்காமல் ஓர் அடி முன்னால் போய், முழங்கையை மடக்கி, அந்த இடைவெளி வழியாகக் கையை உருவ வேண்டும். முதல் மாதத்திலேயே சொல்லித்தருவது. உங்கள் மகனும் நூறு தடவையாவது செய்திருப்பான். ஆனால் ஒவ்வொரு தடவையும் எதிரில் நின்ற பையன், இவன் கத்தியதும் பிடியைத் தளர்த்தியிருப்பான். அப்படித்தான் அங்கே ஏற்பாடு. உங்கள் தங்கை மகளுக்கு அந்த ஏற்பாடு தெரியாது. அவள் பாட்டுக்குக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு பயிற்சிக்கூடத்தை எடைபோட எனக்குத் தெரிந்த அளவுகோல் இது ஒன்றுதான்: எதிரில் நிற்பவர் எதிர்க்கிறாரா, இல்லையா? மற்றதெல்லாம் அலங்காரம்.

'எங்கள் கலை மிக ஆபத்தானது, அதனால் முழு பலத்தோடு பழக முடியாது' என்ற சாக்கு நூறு வருடத்துக்கும் மேல் பழையது. அதற்குப் பதில் சொன்ன மனிதரும் அதே அளவு பழையவர். 1882-ல் டோக்கியோவில் கோடோகான் ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, தான் கற்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையான ஜுஜுத்ஸுவிலிருந்த குத்து, உதை போன்ற ஆபத்தான உத்திகளைக் கட்டாவுக்குள், அதாவது முன்பே வகுத்த அசைவு வரிசைக்குள், ஒதுக்கி வைத்தார். வீசுவது, அமுக்குவது, நெரிப்பது, மூட்டை மடக்குவது போன்றவற்றில் பத்திரமாகப் பழகக்கூடியதை எடுத்துக்கொண்டு, அதை முழு பலத்தோடு, எதிராளி முழு பலத்தோடு எதிர்க்க, தினமும் பழக வைத்தார். அதற்குப் பெயர் ரந்தோரி. சில வருடங்களிலேயே டோக்கியோ காவல்துறையின் போட்டிகளில் அவருடைய மாணவர்கள் பழைய பள்ளிக்காரர்களை வீழ்த்திப் பெயர் வாங்கினார்கள். உயிரை எடுக்கும் அடியைக் காற்றில் மட்டும் அடித்துப் பழகியவனைவிட, சாதாரண வீச்சை ஆயிரம் உடம்புகள் மேல் போட்டுப் பார்த்தவன் தேறியவன். கானோ இதைச் செய்தே காட்டிவிட்டார். உங்கள் மாஸ்டருக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் விழுந்தவன். இருபது வயதில் ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். அங்கிருந்த மாஸ்டர், தொடாமலேயே ஆளை வீழ்த்துவார். வரிசையாக நிற்போம். உள்ளங்கையை நீட்டி ஒரு சத்தம் கொடுப்பார். முதல் ஆள் சரிவான், அடுத்தவன் சரிவான். என் முறை வந்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவர் வாயில் வெற்றிலை வாசனை மட்டும் வந்தது. ஆனால் எனக்கு முன்னால் பதினோரு பேர் விழுந்து கிடக்கிறார்கள், ஒருவன் முனகக்கூடச் செய்கிறான். நான் மட்டும் நின்றால் குறை என்னிடம் என்றுதானே ஆகும்? விழுந்தேன். கொஞ்சம் உருளவும் செய்தேன். எழுந்ததும் பக்கத்தில் இருந்தவன் "எப்படி இருந்தது?" என்று கேட்டான். "கரண்ட் அடித்த மாதிரி" என்றேன். அவனும் தலையாட்டினான். இருவரும் பொய் சொன்னோம் என்பது இருவருக்கும் தெரியும். மாஸ்டருக்குத்தான் தெரியாது என்று இப்போது நினைக்கிறேன்.

இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஜப்பானில் ரியூகென் யானகி என்றொருவர் இருந்தார். கையசைத்தாலே அவருடைய மாணவர்கள் கூட்டம் கூட்டமாகச் சுருண்டு விழுவார்கள். வருடக்கணக்கில் இதைப் பார்த்த அவருக்கே தன் சக்தியில் நம்பிக்கை வந்துவிட்டதோ என்னவோ, 2006-ல் வெளியாள் ஒருவரோடு மோதுவதற்குப் பகிரங்கமாக இறங்கினார். வந்தவர் கலப்புச் சண்டை தெரிந்தவர்; விழுவதற்கு அவரை யாரும் பழக்கியிருக்கவில்லை. முகத்தில் ரத்தத்தோடு பெரியவர் தரையில் கிடந்தார். வேண்டுமென்றே ஏமாற்றுகிறவன் அப்படி மேடையேற மாட்டான். அவரை ஏமாற்றியது அவருடைய மாணவர்கள்.

அமெரிக்காவில் ஜார்ஜ் டில்மன் என்பவரும் தொடாமல் மயக்கம் போட வைப்பதாகச் சொன்னவர். மாணவர்களிடம் பலித்தது, தொலைக்காட்சி நிகழ்ச்சியில், இதை நம்பாத ஒருவரிடம் பலிக்கவில்லை. காரணம் கேட்டபோது, அந்த ஆள் நாக்கை வைத்திருந்த விதம் சரியில்லாமல் இருந்திருக்கலாம் என்றார். கால் பெருவிரலைத் தூக்கி வைத்திருந்தாலும் பலிக்காது என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கோணல், பார்வையாளரின் நாக்கு.

சரி, பெல்ட்டுக்கு வருவோம். கானோ தொடங்கிய காலத்தில் வானவில் கிடையாது. வெள்ளை, கறுப்பு என்று பிரித்தார்கள். இத்தனை வண்ணங்கள் பின்னால், ஐரோப்பாவில் ஜூடோ பரவியபோது சேர்ந்தவை. சீக்கிரம் ஒரு படி ஏறின திருப்தி மாணவனுக்கு வேண்டும் என்பது ஒரு நியாயமான காரணம். அந்த நியாயத்தின் மேல்தான் பிறகு வியாபாரம் ஏறி உட்கார்ந்தது: மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் ஒரு கோடு, கோட்டுக்கு ஒரு கட்டணம், கோட்டுக்கு மேல் இன்னொரு கோடு.

கறுப்பு பெல்ட்டின் முதல் நிலைக்கு ஜப்பானிய மொழியில் ஷோதான் என்று பெயர். ஆரம்பப் படி என்று பொருள். ஆரம்பம்தானே, ஒன்பது வயதில் தந்தால் என்ன என்று கேட்கலாம். பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவின் பெரிய கூட்டமைப்பு பத்தொன்பது வயதுக்குக் கீழே கறுப்பு பெல்ட்டை அங்கீகரிப்பதில்லை. தேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோன் பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டான் (கறுப்பு பெல்ட் நிலை) தராமல் 'பூம்' என்ற தனி நிலை வைத்திருக்கிறது. கராத்தேயில் பல பள்ளிகள் சிறுவர்களுக்கென்று ஜூனியர் பிளாக் பெல்ட் தருகின்றன. அதை ஜூனியர் என்றே சொல்லித் தந்தால் தப்பில்லை. உங்கள் மாஸ்டர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினாரா? உங்கள் கடிதத்தில் இல்லை.

இனி உங்களைக் கொஞ்சம் கேட்க வேண்டும். 'எந்த கிரேடிங்கிலும் தோற்றதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது சந்தேகம் வரவில்லையா, பெருமைதான் வந்ததா? அந்தக் கூடத்தில் வேறு யாராவது தோற்றிருக்கிறார்களா? இந்த இரண்டு வருடத்தில் ஒரு முழு வகுப்பையாவது போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தீர்களா? ஒவ்வொரு பெல்ட்டுக்கும் புகைப்படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்தப் படம்தான் அங்கே விற்பனைச் சரக்கு. வாங்கியவர்களில் நீங்களும் ஒருவர். மாணவன் விழுந்து காட்டி மாஸ்டரை ஏமாற்றுவது போல, பெற்றோர் கைதட்டி ஏமாற்றுவதும் நடக்கிறது. இதை உங்கள் மனம் புண்பட வேண்டும் என்று எழுதவில்லை. ஆனால் புண்பட்டால் பரவாயில்லை.

உங்கள் மாஸ்டர் திருடர் என்று நான் சொல்லமாட்டேன். அரைகுறையாகக் கற்று அதையே மனதார நம்பிச் சொல்லித்தருகிறவர்களும் உண்டு. உடற்பயிற்சி, ஒழுங்கு, பிள்ளைகளுக்கு ஒரு பொழுதுபோக்கு என்று சொல்லி அதை விற்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். தற்காப்பு என்று சொல்லி விற்பதுதான் வம்பு. ஒன்றும் தெரியாத பிள்ளை ஆபத்தில் ஓடிவிடும். தெரியும் என்று நம்பவைக்கப்பட்ட பிள்ளை நின்று அட்டைக் கத்தியை உருவும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. நாளைக்கே போய் மாஸ்டரிடம், "கடைசியாக நடந்த கிரேடிங்கில் யார் தோற்றார்கள், ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். பெயர் வேண்டாம், காரணம் போதும். உண்மையான கூடம் என்றால் உடனே பதில் வரும்: ஒருவனுக்குக் கால் நிலை சரியில்லை, ஒருத்திக்கு ஸ்பாரிங்கில், அதாவது எதிராளியோடு மோதிப் பழகுவதில், பயம், இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னோம் என்று. உங்கள் மாஸ்டர் சுவரில் தொங்கும் சான்றிதழ்களைக் காட்டினால் கிளம்பிவிடுங்கள். 'உலக', 'சர்வதேச' என்று தொடங்கும் ஒரு கூட்டமைப்பின் பெயரை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம்.

பிறகு வேறு இடம் பாருங்கள். ஜூடோவோ, குத்துச்சண்டையோ, நல்ல கராத்தேயோ, எதுவானாலும் சரி. முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வகுப்பைப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் ஜோடி சேர்ந்து ஒருவரை ஒருவர் நிஜமாகத் தடுக்கிறார்களா, பல்லுக்கும் தலைக்கும் கவசம் இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, சிரிக்கிறார்களா என்று கவனியுங்கள்.

மகனிடம் 'இரண்டு வருடம் வீண்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் ஒரு நாளும் மட்டம் போடாமல் போயிருக்கிறான், சொன்னதைச் செய்திருக்கிறான். ஏமாந்தது அவன் தப்பு இல்லை. புது இடத்தில் வெள்ளை பெல்ட் கட்டச் சொன்னால் முகம் சுருங்குவான். அன்றைக்குக் கூட இருங்கள். அவனைச் செய்யச் சொல்லிப் பார்க்காமலேயே "பிரவுன் பெல்ட்டா, அப்படியே வாருங்கள்" என்று ஒரு மாஸ்டர் வரவேற்றால், செருப்பைக் கழற்றாமல் திரும்பிவிடுங்கள்.