அம்பை கிளைக்கு மட்டும் குரல் போகவில்லை என்றால்

அண்ணாச்சி, பாளையங்கோட்டை போன்களில் எல்லாம் சரி, அம்பை கிளையில் மட்டும் கோளாறு: மணி அடிக்குது, எடுத்தால் வெளியே இருப்பவர் பேசுவது கேட்கலைன்னு எழுதியிருக்கீங்க. அம்பைக்காரர் பேசுவது வெளியே போகுது என்பதுதான் முக்கியமான துப்பு. சுவிட்சைக் கழற்றி மாட்ட வேண்டாம். விஎல்ஏஎன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) 20-இன் டேக், அதாவது சுவிட்ச் அதை அடையாளம் காணும் எண், தப்பாக இருந்தால் பாளையங்கோட்டை போனும் பேசாது.

கோளாறு ரூட்டில், அதாவது பாக்கெட் போகும் வழியில் இருக்கும். உங்க வாய்ஸ் கேட்வேயில் (வெளி போன் லைனை உள் நெட்வொர்க்கோடு இணைக்கும் பெட்டி) நிர்வாகத்துக்கு விஎல்ஏஎன் 10, குரலுக்கு 20. டீஃபால்ட் கேட்வே, அதாவது தனி வழி சொல்லாத பாக்கெட்டெல்லாம் வெளியேறும் வாசல், 10-இல் இருக்கு. பாளையங்கோட்டை போன்களும் பிபிஎக்ஸும் (அழைப்புகளை இணைத்துவிடும் ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச்) அதே 20-இல் இருப்பதால் ரூட்டே தேவைப்படலை. மணி அடிக்க வைக்கும் சிக்னலும் பிபிஎக்ஸ் வழியாகப் போவதால் தடையில்லாமல் ஓடுது. ஆனால் குரலைச் சுமக்கும் ஆர்டிபி பாக்கெட் அம்பையின் 192.168.40.0 நெட்வொர்க்குக்கு நேராகப் போகணும். அதற்குத் தனி வழி சொல்லாததால் 10 பக்கமாக வெளியேறி, ஃபயர்வாலில் மாட்டிக்குது.

192.168.40.0/24-க்கு ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதி வைக்கும் நிரந்தர வழி) போடுங்க, அடுத்த ஹாப், அதாவது பாக்கெட்டை அடுத்து வாங்கிக்கொள்வது, விஎல்ஏஎன் 20-இன் ரூட்டர். டீஃபால்ட் கேட்வேயை 20-க்கு மாற்றினாலும் நடக்கும், ஆனால் வேறு சப்நெட்டில் (வேறு முகவரி வரிசை உள்ள நெட்வொர்க்) இருந்து நிர்வாகப் பக்கத்தைத் திறப்பவர்களுக்கு அது அறுந்துபோகலாம். எனக்கு ஸ்டாட்டிக் ரூட்டே பிடிக்கும். கூடவே எஸ்ஐபி (அழைப்பின் சிக்னல்), ஆர்டிபி இரண்டையும் 20-இன் இன்டர்ஃபேஸோடு கட்டுங்க.

பிறகு கேட்வேயிலேயே பாக்கெட் கேப்சர் (போகும் வரும் பாக்கெட்டுகளின் பதிவு) எடுத்து, அம்பைக்குப் போகும் ஆர்டிபியின் சோர்ஸ் முகவரியை, அதாவது அது கிளம்பும் முகவரியைப் பாருங்க. இன்னும் 10-இன் முகவரி வந்தால் அந்தக் கேப்சரை இங்கே போடுங்க, பார்த்துச் சொல்றேன்.