விடுமுறை விருந்துக்குக் குளிர்கால வண்ண சாலட்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பீட்ரூட் சேர்த்தால் மொத்த சாலட்டும் சிவந்துபோகிறது. ஆரஞ்சு, மாதுளை எதுவுமே தனியாகத் தெரிவதில்லை. பீட்ரூட்டை விட்டுவிடவா?

விட்டுவிடாதீர்கள், குளிர்காலத்தில் கிடைக்கிற அருமையான நிறம் அது. பீட்ரூட்டின் நிறமி தண்ணீரில் கரையக்கூடியது. உப்பும் எலுமிச்சையும் பட்டால் சாறு இன்னும் வேகமாக வடியும். அதனால் தோலோடு முழுசாக வேகவையுங்கள், அல்லது ஓவனில் சுட்டெடுங்கள். நன்றாக ஆறியதும் தோலுரித்து நறுக்கி, தனிக் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் புரட்டி வையுங்கள். எண்ணெய்ப் பூச்சு இருந்தால் சாறு அவ்வளவாகப் பரவாது. மற்றதெல்லாம் கலந்து தட்டில் பரப்பியபின் கடைசியாக இதை மேலே அடுக்குங்கள், அதற்குமேல் கிளற வேண்டாம். மஞ்சள் பீட்ரூட் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. சாப்பிட்ட சிலருக்கு மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். அது பீட்ரூட்டின் நிறம்தான் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பயப்பட மாட்டார்கள்.

கேள்வி: சிவப்பு முட்டைகோஸை நறுக்கித் தண்ணீரில் போட்டுவைத்தேன், நீலம் பாய்ந்துவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. அதில் இருக்கும் அந்தோசயனின் என்ற நிறமி புளிப்பில் சிவக்கும், புளிப்புக்கு நேரெதிரான காரத்தன்மையுள்ள தண்ணீரில் நீலமாகும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தெளித்துப் பிசறுங்கள், நிறம் திரும்பிவிடும். அடுத்த முறை முழுசாகக் கழுவிவிட்டு, நறுக்கியதுமே புளிப்பு சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: விருந்து இரவில். எனக்கு நேரம் கிடைப்பது காலையில் மட்டும்தான். அப்போதே செய்து வைக்கலாமா?

பாதிக்குமேல் வேலையைக் காலையிலேயே முடித்துவிடலாம். எது எதை எப்போது சேர்ப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கேல் (முட்டைகோஸ் இனத்துக் கீரை), முட்டைகோஸ் இரண்டும் கெட்டியான இலைகள், எண்ணெயும் புளிப்பும் கலந்த டிரெஸ்ஸிங்கில் ஊற ஊற நன்றாகத்தான் இருக்கும். கேலின் நடு நரம்பை நீக்கிவிட்டு, சிட்டிகை உப்பு, கொஞ்சம் எண்ணெய், எலுமிச்சைச் சாறு விட்டு இரண்டு மூன்று நிமிடம் கையால் நன்றாகப் பிசையுங்கள். இலை கருகருவென்று பளபளத்துத் துவளும், கசப்பும் குறையும். லெட்யூஸ், பசலை போன்ற மெல்லிய இலைகள் அப்படியல்ல. உப்பு பட்டதுமே தண்ணீர் விட்டு வாடிவிடும். அவற்றைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துணி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈரம் இருந்தால் டிரெஸ்ஸிங் இலையில் ஒட்டாமல் அடியில் தேங்கிவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை.

பரங்கிக்காயையோ சர்க்கரைவள்ளியையோ ஒரு அங்குலத் துண்டுகளாக்கி, எண்ணெய் புரட்டி, 200 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம் சுடலாம். சூடாக இலையின் மேல் கொட்டிவிடாதீர்கள், ஆறட்டும். டிரெஸ்ஸிங் தனியாக பாட்டிலில் இருக்கட்டும். பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு எல்லாவற்றையும் சேர்த்தால் போதும்.

கேள்வி: டிரெஸ்ஸிங் அளவு சொல்லுங்கள். எட்டு பேருக்கு.

பொதுவாக மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு புளிப்பு என்பார்கள். குளிர்கால சாலட்டில் கிழங்கும் பழமும் இனிப்பாக இருப்பதால் எனக்கு இரண்டுக்கு ஒன்று பிடிக்கும். ஆலிவ் எண்ணெய் 6 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 3 டேபிள்ஸ்பூன், கடுகு விழுது 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், மிளகுத்தூள். மூடி போட்டுக் குலுக்குங்கள். எண்ணெயும் சாறும் சீக்கிரம் பிரியாமல் கடுகு விழுது பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: நான் எடை குறைக்கிறேன். எண்ணெயே இல்லாமல் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அப்படிச் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கேரட், பரங்கிக்காய், கீரை இவற்றில் உள்ள பீட்டா கரோட்டினை உடல் உறிஞ்சிக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். எண்ணெய் வேண்டாமென்றால் வால்நட்டோ பூசணி விதையோ ஒரு கைப்பிடி போடுங்கள். எடை பற்றிக் கவலை என்றால் சர்க்கரை பூசிய பருப்புகளையும், அள்ளிப்போடும் சீஸையும், கடையில் வாங்கும் க்ரீம் டிரெஸ்ஸிங்கையும் குறையுங்கள்.

கேள்வி: ஆப்பிள் கறுத்துப்போகிறது. மாதுளை உரித்தால் சுவரெல்லாம் கறை. வழி உண்டா அக்கா?

ஒரு கப் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, ஆப்பிள் துண்டுகளைப் பத்து நிமிடம் போட்டு, அலசி எடுங்கள். மாதுளையைத் தண்ணீர் நிறைந்த பாத்திரத்துக்குள் வைத்தே பிரியுங்கள். முத்துக்கள் அடியில் தங்கும், வெள்ளைத் தோல் மிதக்கும்.

கேள்வி: அம்மா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். இந்தக் கீரைகள் ஒத்துக்கொள்ளுமா?

நல்லவேளை கேட்டீர்கள் தம்பி. கேலிலும் பசலையிலும் வைட்டமின் கே அதிகம். வழக்கத்தைவிடத் திடீரென நிறையச் சாப்பிட்டால் அந்த மருந்தின் வேலை குறையும். அம்மா வழக்கமாகச் சாப்பிடும் அளவைத் தாண்ட வேண்டாம், மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள். அதேபோல கொலஸ்ட்ரால் மாத்திரைகள் சிலவற்றுக்கு கிரேப்ஃப்ரூட் (திராட்சை அல்ல, ஆரஞ்சு இனப் பழம்) ஆகாது, விருந்துக்கு ஆரஞ்சே போதும். பருப்பு வகைகளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் தப்பிப்பார்கள். டிரெஸ்ஸிங்கில் தேன் கலந்தால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: மீந்ததை என்ன செய்வது?

மேசையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருந்திருந்தால் வைத்துக்கொள்ள வேண்டாம். அதற்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட்டால், கேலும் முட்டைகோஸும் மறுநாளும் நன்றாக இருக்கும். கிழங்குத் துண்டுகளை வாணலியில் சூடாக்கி முட்டையோடு கிளறிக்கொள்ளலாம். டிரெஸ்ஸிங் பட்ட லெட்யூஸ் மட்டும் தேறாது, அதை அன்றே காலி செய்துவிடுங்கள்.